ஒரு பிடி கோதுமை

மாவு மெஷினை நிறுத்திய பிறகுதான் சுகந்திக்கு அந்தக் கேள்வி வந்தது. கழுவுவதற்கென்று முதலில் போட்ட அந்த ஒரு பிடி, அரிசியா, கோதுமையா? மெஷின் ஓடும்போதே வந்து தொலைத்திருக்கக் கூடாதா இந்தக் கேள்வி, உடனே சுவிட்சை அணைத்திருப்பாளே, பாதி ராகியாவது தப்பித்திருக்குமே. எங்கே தப்பிப்பது, கழுவுகிற பிடிதானே முதலில் உள்ளே போகிறது, அது போன பிறகு பாதி என்ன, முழுசு என்ன. அரிசிதான். அரிசியாகத்தான் இருக்கும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அரிசியைத்தான் போடுகிறாள், அதற்கென்றே மெஷினுக்குப் பக்கத்துப் பலகையில் எவர்சில்வர் டப்பாவில் பச்சரிசி இருக்கிறது. முந்தின தடவை கம்பு அரைத்திருந்தாள். இன்றைக்கு மெஷினைத் திறந்ததும் சிக்கு வாடை அடித்தது. ஒரு பிடி போட்டு ஓடவிட்டாள், வந்த மாவைத் தட்டிப் பின்வாசலில் கொட்டினாள், அப்புறம்தான் ராகியைப் போட்டாள். கொட்டியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கொட்டிய மாவு என்ன நிறம்? வெள்ளைதான். கோதுமை மாவு மட்டும் என்ன கறுப்பா? பழைய கம்போடு கலந்து வந்தது, கொஞ்சம் பழுப்பாக இருந்ததோ, இல்லை இப்போது நினைப்பதால் பழுப்பாகிறதோ. போய்ப் பார்த்துவிடலாம் என்று பின்கதவைத் திறந்தாள். மழை வலுத்துவிட்டது. படிக்குக் கீழே செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாவு கொட்டிய இடம் எது என்றே தெரியவில்லை.

கோதுமைக்கு அந்த இடத்தில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் மழையைத்தான் கைகாட்ட வேண்டும். இந்த வீட்டில் கோதுமை கீழே இறங்குவதில்லை. ஆதிரைக்கு ஆகாது. ஆகாது என்றால் வயிறு வலிக்கும், தடிப்பு வரும் என்கிற ஆகாது இல்லை. துளி உள்ளே போனால் போதும், உதடு தடித்து, தொண்டை அடைத்து, மூச்சு முட்டிவிடும். ஏழு வயசுப் பிள்ளை. புருஷன் குமரவேலின் மூத்த தாரத்து மகள். அந்த அக்கா போய்ச் சேர்ந்து மூன்றாம் வருஷம்தான் சுகந்தி இந்த வீட்டுக்கு வந்தாள். குமரவேலுக்கோ சர்க்கரை, ராத்திரி சப்பாத்தி இல்லாமல் முடியாது, அதிலும் கடை மாவு ஆகாது அந்த மனுஷனுக்கு, சம்பா கோதுமை வாங்கிக் கழுவிக் காயவைத்து அரைத்த மாவுதான் வேண்டும். கோதுமை மொட்டைமாடி அறையில், தகர டிரம்மில், வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் போட்டு இறுக்கி மூடி வைத்திருக்கிறாள். அரைக்க ரோட்டோரத்து மில்லுக்குப் போகும். சப்பாத்தியும் மேலேயே, தனி அடுப்பில், தனிக் கல்லில். அவள் மேலே போய்வந்தால் கைகால் கழுவிச் சேலை மாற்றிக்கொண்டுதான் பிள்ளையைத் தொடுவாள். கீழே இருக்கிற மெஷின் ஆதிரைக்காகவே வாங்கியது, ராகி, கம்பு, சோளம், அரிசி, அவ்வளவுதான் அதற்குள் போகும். "என்ற சப்பாத்திக்கும் அவ சாப்பாட்டுக்கும் நடுவுல நீதான் காவல்," என்று குமரவேல் சிரித்துக்கொண்டு சொல்வான். சொல்லிவிட்டுப் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிப் போய்விடுவான். காவல் இருக்கிறவளுக்கல்லவா தெரியும் அந்தச் சிரிப்பின் கனம். இன்றைக்குக் கழுவின கோதுமையை மாடியில் வேட்டி விரித்துக் காயப்போட்டிருந்தாள், வெயில் சுள்ளென்று அடித்தது, வானத்தை நம்பி ராகியை அரைக்கலாம் என்று கீழே வந்தாள். திடீரென்று மாடித் தகரத்தில் படபடவென்று சத்தம். ஓடினாள். மாடி அறையின் பூட்டு ஈரத்தில் இறுகிக்கொண்டு திறக்க மாட்டேன் என்றது. கோதுமை நனைந்தால் ஒரே ராத்திரியில் முளைவிட்டு நாறிப்போகும். வேட்டியோடு சுருட்டி அன்னக்கூடையில் போட்டு, தூக்கிக்கொண்டு கீழே வந்து, எங்கே வைத்தாள்? மெஷினுக்குப் பக்கத்தில். அரிசி டப்பா இருக்கிற அதே பலகைக்குக் கீழே. ஒரு நிமிஷம் வைத்துவிட்டுப் பூட்டைத் திறந்ததும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று. ஒரு நிமிஷம்தான். கையைக் கழுவித் துடைத்தாள், அப்போது போன் அடித்தது.

போனில் வசந்தாமணி அக்கா. ஆதிரையைப் பெற்றவளுக்குக் கூடப் பிறந்தவள், ஆதிரைக்குப் பெரியம்மா. ராகி அவள் கொடுத்தது. ஊறவைத்து, துணியில் கட்டி முளைவரவைத்து, நிழலில் காயவைத்து, மணக்க மணக்க வறுத்துக் கொடுத்திருந்தாள். "அரைச்சாச்சா புள்ள?" என்றாள். "இப்பத்தானுங்க்கா ஆரம்பிக்கறேன்," என்றாள் இவள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மெஷினின் மேல்மூடியைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. "நைசா அரைச்சுப்போடாத, புட்டுக்கு ஒட்டிக்கும். நான் இன்னைக்கு ஸ்கூல்ல இருந்து அவளக் கூட்டிக்கிட்டு நேரா அங்கதான் வர்றேன். புட்டு அவிச்சு வெய்யி." "சரீங்க்கா." "பாத்து அரை." பாத்து அரை என்றாள். எதைப் பார்த்து என்று சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. அந்த இரண்டு சொல்லிலேயே சுகந்தியின் மனசு போய் மாட்டிக்கொண்டது, மீன் முள் மாதிரி, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல். எப்போதும் இப்படித்தான், மற்றவர்களிடம் சாதாரணமாகச் சொல்வதை என்னிடம் மட்டும் ஒரு மாதிரி இழுத்துச் சொல்கிறாள், என்று அவள் உள்ளுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் கை ஒரு பிடி அள்ளிப் போட்டது. எங்கே குனிந்தது அந்தக் கை? குனிந்ததா, நிமிர்ந்ததா? பலகை இடுப்பு உயரம், அரிசி டப்பாவுக்குக் குனிய வேண்டாம். கூடை தரையில், அதற்குக் குனிய வேண்டும். தோளில் போனை இடுக்கிக்கொண்டு குனிந்தால் போன் விழுந்திருக்குமே. விழவில்லை. அப்படியானால் குனியவில்லை. ஆனால் ஒரு தடவை போன் நழுவப் பார்த்தது, தாடையால் அழுத்திப் பிடித்தாள். அது எப்போது? குனிந்தபோதா? அரிசி டப்பாவைப் பார்த்தாள். மூடி இறுக்கமாக மூடியிருந்தது. திறந்தே இருக்க மாட்டாள் போலிருக்கிறதே. இல்லை, திறந்தால் உடனே அழுத்தி மூடுகிற பழக்கம் அவளுக்கு உண்டு. கூடையைப் பார்த்தாள். வேட்டி ஒரு பக்கம் விலகி, குவிந்திருந்த கோதுமையின் நடுவில் ஒரு குழி. ஒரு கை போய்வந்த குழி. தூக்கிக்கொண்டு ஓடிவந்தபோது சரிந்த குழியாகவும் இருக்கலாம். சரிந்தால் இப்படியா உருண்டையாகச் சரியும்?

தாராபுரத்தில் அவள் அப்பாவுக்கு மாவு மில் இருந்தது. மிளகாய் அரைத்த கல்லில் பச்சைப்பிள்ளைக்குச் சத்துமாவு அரைக்க வந்துவிடுவார்கள். ஒரு பிடி கோதுமையைப் போட்டு ஓடவிட்டால் காரமெல்லாம் அதோடு வந்துவிடும், அந்த மாவை மாட்டுத் தொட்டியில் கொட்டிவிடுவார்கள், கல்லைக் கழுவுவது என்று அதற்குப் பெயர். தண்ணீர் படாமல் கழுவுவது. ஐந்தாவது படிக்கும்போதே சுகந்தி அந்த வேலையைச் செய்திருக்கிறாள், கல்யாணம் ஆகிற வரைக்கும் செய்தாள், எத்தனை ஆயிரம் பிடி போட்டிருப்பாள், எவன் கண்டான். யோசித்துப் போட்டதில்லை. எதிரில் நிற்கிறவரோடு பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, கோதுமை மூட்டை எங்கே இருக்கிறதோ அங்கே கை தானே போகும், தானே வரும். இங்கே வந்த பிறகு அரிசிக்கு மாற்றியது மூளை. கைக்கு யார் சொன்னது? மூளை போனில் இருந்தபோது கை தாராபுரத்துக்குப் போயிருந்தால்? அப்படிப் பக்கத்திலேயே கோதுமையை வைத்துக்கொடுத்தால் அது வேறு எதை அள்ளும்? மடச்சி. கடைந்தெடுத்த மடச்சி. பூட்டு திறக்காவிட்டால் மழையில் நனையட்டும் என்று விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். நனைந்தால் நூறு கேள்வி கேட்பான் குமரவேல், கேட்டுவிட்டுப் போகட்டும், கோதுமைதானே.

மாவில் கையை விட்டாள். இளஞ்சூடாக இருந்தது. ராகி மாவு அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் சிவப்போடிய சாம்பல் நிறம், நடுவில் தவிட்டுப் பொடிகள். அந்தப் பொடிகளில் வெளுப்பாக இருப்பது எது? விரல் நுனியில் ஒட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ராகியின் உள்பருப்பும் வெளுப்புத்தான். நாக்கில் வைத்தாள். வறுத்த வாசம், கொஞ்சம் தித்திப்பு, முளைகட்டின தித்திப்பு. கோதுமை இருந்தால் மென்றுகொண்டே இருக்கும்போது பசை மாதிரி ஆகும். மென்றாள். ஆகவில்லை. ஆகாது, ஒரு பிடியில் பெரும்பகுதி வெளியே போய்விட்டது, சல்லடையின் மடிப்பில் நின்றது கொஞ்சமே கொஞ்சம், அது இவ்வளவு மாவில் கலந்தால் எந்த நாக்குக்குத் தெரியும். ஆதிரையின் நாக்குக்குத் தெரியும். நாக்குக்குத் தெரியாது, தொண்டைக்குத் தெரியும். டாக்டர் சொன்னார், ஒரு துளி போதும்மா. கொட்டிவிடலாம். மொத்தத்தையும் கொட்டிவிடலாம், மழைதான் பெய்கிறதே, அதோடு இதுவும் போகட்டும். வந்ததும் அக்கா கேட்பாள், என்ற ராகி எங்கே? கை தவறிக் கொட்டிவிட்டது என்று சொல்லலாம். அத்தனையுமா? ஒரு படிகூட மிச்சமில்லாமலா? பூச்சி இருந்தது என்றால், நான் காயவைத்த ராகியில் பூச்சியா என்பாள். கோதுமை விழுந்துவிட்டது என்று சொல்லலாம். அதைச் சொல்லலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா, ஒருமுறை நடந்ததுதானே.

அன்றைக்குப் பெருங்காயம். கடையில் வாங்கின டப்பா, ரசத்துக்கு ஒரு சிட்டிகை. பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பார்கள் என்று எந்தப் பெண்பிள்ளைக்குத் தெரியும்? சுகந்தி வந்து இரண்டு மாசம்கூட ஆகியிருக்கவில்லை. பிள்ளை ரசத்தைக் குடித்தது, கழுத்தைச் சொறிந்தது, "சித்தி, என்னமோ பண்ணுது," என்றது. அந்தக் குரல் பாதியில் நசுங்கியது. அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் ரோட்டில் ஓடினாள், ஒரு ஆட்டோக்காரர் நிறுத்தினார், ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். காதோரமாகக் கேட்டுக்கொண்டே வந்தாளே அந்த மூச்சை, கீச்சுக் கீச்சென்று, ஒவ்வொன்றும் இதுதான் கடைசியோ என்று. பிழைத்தது. வராந்தாவில் வசந்தாமணி அக்கா வந்து நின்றாள். அழவில்லை, கத்தவில்லை. "தெரியாமத்தான் போட்டியா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். "பெருங்காயமுங்க்கா, அதுல இருக்கும்னு…" என்று ஆரம்பித்தவளை முடிக்க விடாமல் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். கத்தியிருந்தால் இவளும் கத்தி முடித்திருப்பாள். அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. அப்போதாவது சொல்வதற்குப் பதில் இருந்தது. இன்றைக்கு என்ன பதில்? கோதுமையைப் போட்டியா, தெரியாது. யார் போட்டது, நான்தான். எதைப் போட்டாய், தெரியாது. எந்த ஊர் நியாயத்தில் இது எடுபடும்? இரண்டாம் தாரமாக வந்தவள், வந்த வீட்டுப் பிள்ளையின் மாவில் கோதுமையைப் போட்டுவிட்டு எனக்குத் தெரியாது என்கிறாள். தெருவே சொல்லும். தெரு போகட்டும். அவளுக்கே ஒன்று இருக்கிறதே, யாரிடமும் சொல்லாதது. போன ஆடியில் ஒருநாள் ஆதிரை தலைவாரிக்கொள்ள மாட்டேன் என்று அவள் கையைத் தட்டிவிட்டு, எங்கம்மா மாதிரி உனக்கு வராது போ என்றது. அந்தக் கணத்தில் ஒரு நினைப்பு, இது இல்லாமல் இருந்திருந்தால். அதோடு முடிந்தது, ஒரு கண் சிமிட்டுகிற நேரம், அப்புறம் அவளே தலையில் அடித்துக்கொண்டாள், ராத்திரி தூங்குகிற பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் நினைத்தாள். நினைத்தது அவள்தான். தலைக்குத் தெரியாமல் கை கோதுமைக்குப் போகும் என்றால், அதே மாதிரி அந்த நினைப்பும் கைக்கு இறங்கியிருக்குமோ? சீ. என்ன பேச்சு இது. அப்படியெல்லாம் இல்லை. இல்லை என்று யாருக்குத் தெரியும்? கையைப் பார்த்தாள். மாவு அப்பியிருந்தது. வேறு யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோல் பயமாக இருந்தது.

இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டு அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எப்போது அடுப்பைப் பற்றவைத்தாள்? மாவைப் பிசிறி, உப்புத் தண்ணீர் தெளித்து, துணி விரித்துப் பரப்பி, மூடியும் போட்டாயிற்று. இவள் நியாயம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் கை புட்டு அவித்துவிட்டது. அக்கா அவிச்சு வெய்யி என்றாளே, அதைக் கேட்ட கை. சிரிப்பு வரப் பார்த்தது, சிரித்தால் அழுகையாகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள். சரி, அரிசிதான் போட்டிருப்பேன், வீணாக மனசு குழப்புகிறது, இத்தனை நாளில் அரைப்பதில் ஒருநாளாவது தப்பு செய்திருக்கிறேனா என்று ஒரு குரல். அது நல்ல குரல், அதன் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அரிசியாக இருந்தால் ஒன்றுமில்லை, பிள்ளை சாப்பிடும், அக்கா காபி குடித்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான். அரிசியாக இல்லாவிட்டால். அரிசியாக இல்லாவிட்டால் என்கிற இடத்தில் வாக்கியம் நின்றது. அதற்கு மேல் ஓட்டிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. புட்டு வெந்த மணம் வந்தது. வாசலில் ஸ்கூட்டர் நிற்கிற சத்தமும் வந்தது.

இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து வந்தார்கள். "புட்டு வாசம் தெருமுக்கு வரைக்கும் வருது சித்தி," என்று ஆதிரை பையைக் கழற்றி எறிந்துவிட்டு அப்படியே அடுக்களையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வசந்தாமணி துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டே, "மொதல்ல ஈரத் துணிய மாத்துடி," என்றாள், பிள்ளை கேட்கிற மாதிரி இல்லை. "பசிக்குது பெரிம்மா. சித்தி, வெல்லம் நெறையப் போடு." தட்டு வந்தது. புட்டு வந்தது, தேங்காய்ப்பூ, தூளாக்கின வெல்லம், ஒரு கரண்டி நெய். யார் வைத்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. "சுடுது, ஊதித் தின்னு," என்றாள் வசந்தாமணி. ஆதிரை விரலால் பிசைந்து, உருண்டை பிடித்து, கன்னத்தை உப்பி ஊதினாள். இப்போது சொல்ல வேண்டும். இப்போது சொன்னால் எல்லாம் போகும், இந்த அடுக்களை, சித்தி என்கிற அந்தக் கூப்பாடு, குமரவேல் முகம் பார்த்துப் பேசுவது, எல்லாம். அரிசியாகவே இருந்து, சும்மா சொல்லிக் கெடுத்துக்கொண்டதாக இருந்தால்? உருண்டை உதட்டுக்கு வந்தது. உதடு சின்னது, மழையில் நடுங்கி வெளுத்திருந்தது. அதுதான் முதலில் தடிக்கும். சுகந்தி பாய்ந்து பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தாள். உருண்டை தெறித்துத் தரையில் விழுந்தது.

"வேண்டாம். திங்காத சாமி. அதுல கோதுமை இருக்கும்."

துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "கோதுமையா? கோதுமை எப்புடி உழுந்துது?"

"உழுகலீங்க்கா. நான்தான் போட்டிருப்பேன். மழைக்குக் கீழ கொண்டாந்து வெச்சேன். மெஷினக் கழுவ ஒரு புடி போட்டேன். அரிசியா கோதுமையான்னு தெரியல."

"தெரியலயா? உன்ற கைதான போட்டுது?"

"ஆமாங்க்கா. என்ற கைதான்."

வசந்தாமணி துண்டை எறிந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். சோப்புப் போட்டு விரல் விரலாக, நகக்கண் நகக்கண்ணாகக் கழுவினாள். வாயைக் கொப்பளிக்க வைத்தாள். கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்து எதிரில் உட்கார்ந்துகொண்டாள். சுகந்தி சுவரோரமாக நின்றாள். இருவரும் அந்த உதட்டையே பார்த்தார்கள். கழுத்தைப் பார்த்தார்கள், மூச்சைக் கேட்டார்கள். மழை நின்றுபோய் மாடித் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "ஏன் ரெண்டு பேரும் என்னையே பாக்கறீங்க?" என்றாள் ஆதிரை எரிச்சலாக, "பசிக்குது." உதடு அப்படியே இருந்தது. மூச்சு சீராகப் போய் வந்தது. சுகந்தி ஒரு வாழைப்பழத்தை எடுக்கக் கையை நீட்டினாள், பிறகு அந்தக் கையையே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வசந்தாமணிதான் எழுந்து பழத்தை உரித்துக் கொடுத்தாள். கத்துவாள், தங்கச்சி பெயரைச் சொல்லி அழுவாள், குமரவேலுக்குப் போன் போடுவாள் என்று சுகந்தி ஒவ்வொன்றாக எதிர்பார்த்து நின்றாள், ஒவ்வொன்றுக்கும் தலை குனிந்துகொள்ளத் தயாராக. ஒன்றும் வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"அவ இன்னைக்கு ராத்திரி எங்கூட்ல இருக்கட்டும்," என்றாள் வசந்தாமணி. "நீ இந்த எடத்தையெல்லாம் ஈரத்துணி போட்டுத் தொடச்சு உடு. மெஷினையும் பிரிச்சுக் கழுவு."

"சரீங்க்கா."

வாசல் வரைக்கும் போனாள் சுகந்தி. அதற்கு மேல் போகலாமா என்று தெரியாமல் நிலைப்படியிலேயே நின்றாள். வசந்தாமணி பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு வண்டியைத் திருப்பினாள். திருப்பியவள் கிளம்பாமல், கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே, "ராகி மறுக்கா மொளகட்டறேன்," என்றாள். "காஞ்சதும் எடுத்தாறேன். நீதான் அரைக்கோணும். எனக்கு அந்தப் பக்குவம் வராது." நிமிர்ந்து சுகந்தியைப் பார்த்தாள். "ஆனா நீ அரைக்கறப்ப நான் பக்கத்துல நிப்பேன்."

திருடியைக் காவல் காப்பதுபோல் நிற்கப் போகிறாள், என் வீட்டில், என் மெஷின் பக்கத்தில், என்று மனசு கொதித்து எழ வேண்டியதுதான். எழவில்லை. மத்தியானத்திலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது என்னவோ அதுதான் எழுந்து இறங்கிப் போனது. கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"நில்லுங்க்கா," என்றாள் சுகந்தி. "என்ற கையவே பாத்துக்கிட்டு நில்லுங்க."